தேவபிரசாதம் டாக்டரான வரலாறு

யுத்தம் முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் அரிசிக்கு ரேஷன் இருந்தது, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் இருந்தது, வேட்டித் துணிக்கும் ரேஷன் இருந்தது. தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது பட்டம் ஒன்றுதான். உத்தியோகஸ்தர்கள் ஆளாளுக்குத் தபால் வழியில் படித்துப் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துக் குமாஸ்தா ஒருவரின் பெயர்ப்பலகை அவர் வீட்டு வாசலைவிட அகலமாகிப் போனதால் அதைச் சாய்த்து மாட்டியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கடற்கரைச் சாலையில் முத்துச் சலாப நிர்வாக அலுவலகம் என்று ஒன்று இருந்தது. முத்துக்குளிப்புக்கு அந்தக் கரையில் சலாபம் என்று பெயர். சலாபம் நடந்தால் அதை ஒழுங்காக நடத்திக் கொடுப்பதுதான் அலுவலகத்தின் வேலை. கடைசிச் சலாபம் நடந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கடலடியில் சிப்பி விளையாவிட்டால் அலுவலகம் என்ன செய்யும்? ஆனாலும் சூப்பரின்டெண்டு, ஹெட்கிளார்க்கு, கிளார்க்குகள் நாலு பேர், படம் வரைகிறவர் ஒருவர், பியூன்கள் மூன்று பேர் என்று பத்துப் பேரும் தினமும் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போனார்கள். மாதம் பிறந்ததும், "சென்ற மாதம் சலாபம் நடைபெறவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று சென்னைக்கு மூன்று பிரதி போகும். "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று அங்கிருந்து ஒரு பிரதி வரும். அதையும் கோப்பில் கட்டி வைப்பார்கள்.

சூப்பரின்டெண்டு தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். பி.ஏ. படித்தவர். நேர்மையானவர், யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கமாட்டார். அவருக்கிருந்த ஒரே துன்பம் அவருடைய சகலை. மனைவி ஞானபாக்கியத்தின் தங்கை புருஷன் கிருபாநிதி, பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்க்கிற டாக்டர். நாசரேத்தில் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போய்த் திரும்பிய ரயிலில் ஞானபாக்கியம் சொன்னாள்:

"டாக்டர் வரட்டும்னு பாதிரி ஐயர் ஜெபத்தைக் கால் மணி நேரம் நிறுத்தி வச்சாவ. நீங்க வந்ததுக்கு யாரும் எதையும் நிறுத்தல."

"நான்தான் முதல் ஆளா வந்துட்டேனே."

"அதத்தான் சொல்லுதேன். டாக்டருன்னா பிந்தி வரலாம்."

மூன்றாம் நாள் இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. நிர்வாக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம்; நேரில் வர வேண்டியதில்லை; ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று அனுப்பினால் போதும். கலாசாலை கடல் தாண்டி, கடலையே பார்த்திராத ஏதோ ஒரு ஊரில் இருந்தது.

தேவபிரசாதம் ஹெட்கிளார்க்கு வன்னியபெருமாளைக் கூப்பிட்டு விளம்பரத்தைக் காட்டினார்.

"நிர்வாகம்னா நாம தினமும் செய்யுறதுதான?"

"அதேதான் ஐயா. இத்தன நாளா செஞ்சுட்டே இருந்திருக்கோம். அது சாஸ்திரம்னு தெரியாமப் போச்சு."

பதினெட்டு வருஷத்துப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். விபத்து: இல்லை. திருட்டு: இல்லை. வேலைநிறுத்தம்: இல்லை. பொதுமக்கள் புகார்: இல்லை. சுறா கடித்தவர்கள்: இல்லை. படம் வரைகிறவர் இவை அனைத்தையும் ஒரே வரைபடமாகப் போட்டார். பூஜ்யத்தில் தொடங்கிய கோடு, எங்கும் ஏறாமல், எங்கும் நடுங்காமல், காகிதத்தின் மறுமுனைவரை போய்ப் பூஜ்யத்திலேயே முடிந்தது. அவ்வளவு சுத்தமான கோட்டைத் தன் சர்வீஸில் வரைந்ததில்லை என்று அவரே சொன்னார். "குறைபாடற்ற நிர்வாகம்: ஒரு முத்துப் பாரின் அனுபவம்" என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள்.

கடலடியில் சிப்பி விளையும் இடத்தைத்தான் பார் என்கிறோம். இங்கிலீஷில் அதற்கு 'பேங்க்' என்று பெயர். இதனால் ஒரு சிறு விசேஷம் நேர்ந்தது. கலாசாலை நியமித்த வழிகாட்டிப் பேராசிரியர் எழுதினார்: "உங்கள் பேங்கில் போட்டதைப் பதினெட்டு வருஷமாக ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை என்று படித்து வியந்தேன். உலகத்தில் வேறு எந்த பேங்கும் மக்களின் நம்பிக்கையை இவ்வளவு தூரம் பெற்றதில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குப் பதினெட்டு வருஷம் போதாது. இருபது பூர்த்தியாகட்டும்."

நேர்மையானவர் என்பதால் தேவபிரசாதம் சங்கடப்பட்டார்.

"இவர் வேற பேங்க்னு நினைச்சுட்டார் போலிருக்கே."

"யாரும் எடுக்கலன்னுதான ஐயா எழுதியிருக்காரு. யாராச்சும் எடுத்தாங்களா?"

"எடுக்கல."

"அப்ப அவரு சொல்லுதது உண்ம. வழிகாட்டியப் போயித் திருத்துறது மரியாதையும் இல்ல."

இன்னும் இரண்டு வருஷம் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. அந்த அலுவலகத்துக்கு அது கஷ்டமான காரியமாகத் தோன்றவில்லை.

அந்தக் கார்த்திகையிலேயே இஞ்ஞாசி வந்தார். இஞ்ஞாசி சங்கு குளிக்கிறவர். கடைசிச் சலாபத்தில் முங்கியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது, இப்போது நாற்பது. ஈர வேட்டியோடு நேரே உள்ளே வந்து ஒரு ஓலைப்பெட்டியை மேஜையில் வைத்தார்.

"என்ன இது?" என்றார் தேவபிரசாதம்.

"சிப்பி ஐயா. சங்குக்கு முங்கின எடத்துல கால்ல தட்டுச்சு. பார் முழுக்கக் கெடக்கு."

வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகியும் சிப்பியைப் பார்த்திராத ஒரு கிளார்க்கு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"சலாபம் போடணும் ஐயா. அஞ்சு வயசுச் சிப்பி. வர்ற பங்குனியில எடுத்தாத்தான் உண்டு. விட்டா செத்து மண்ணோட போயிரும். எனக்கும் இன்னும் ரெண்டு மூணு வருசம்தான் மூச்சு நிக்கும். என்னப்போல நாப்பது பேரு கரையில காத்துக் கெடக்கோம்."

வன்னியபெருமாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஓய், அனுமதியில்லாமச் சிப்பி எடுத்தா திருட்டு, தெரியுமா?"

"திருட்டா?" என்று தேவபிரசாதம் திடுக்கிட்டார். "திருட்டுன்னு எழுதினா அந்தக் கட்டத்துல ஒண்ணு விழுந்துருமே."

இருவரும் யோசித்தார்கள். வன்னியபெருமாளுக்குத்தான் வழி தோன்றியது.

"அப்ப இது சிப்பி இல்ல ஐயா. கிளிஞ்சல். கிளிஞ்சல் பொறுக்க அனுமதி வேண்டாம்."

"இது சிப்பிதான் ஐயா" என்றார் இஞ்ஞாசி.

"ஓய், நீரு ஜெயிலுக்குப் போகாம ரெண்டு பேரு பாடுபட்டுட்டிருக்கோம். சும்மா இரும்."

'கிளிஞ்சல், ஒரு பெட்டி' என்று பதிவாயிற்று. ஆனால் இஞ்ஞாசி போகவில்லை. தகவல் வந்தால் சூப்பரின்டெண்டு நேரில் கடலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விதி என்றதும் தேவபிரசாதம் எழுந்துவிட்டார். மறுநாள் வள்ளத்தில் போனார்கள். கரை மறைவதற்குள் தேவபிரசாதம் மூன்று தடவை வாந்தி எடுத்தார். இஞ்ஞாசி கல்லைக் காலில் கோத்து முங்கினார். வெளியே வந்து, கைப்பிடிச் சிப்பியில் ஒன்றைக் கத்தியால் பிளந்து, விரலால் தடவி, சூப்பரின்டெண்டின் உள்ளங்கையில் எதையோ வைத்தார். கொத்துமல்லி விதையில் பாதி இருக்கும். வெயில் பட்டதும் அது மெல்லச் சிவந்தது, பிறகு வெளுத்தது.

முத்து அலுவலகத்தில் பத்து வருஷம் இருந்தும், கடலிலிருந்து அப்போதுதான் வந்த முத்தைத் தேவபிரசாதம் பார்த்ததில்லை. வாந்தி நின்றுவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கு இஞ்ஞாசி."

"கீழ இன்னும் கெடக்கு ஐயா."

"சலாபம் போட்டுருவோம்" என்றார் தேவபிரசாதம். அதை அவர் மனசாரத்தான் சொன்னார். இஞ்ஞாசி அன்று சாயங்காலமே கரையெல்லாம் சொல்லிவிட்டார். நாற்பது பேரும் பரணிலிருந்து கயிறுகளை இறக்கிக் காயப்போட்டார்கள்.

மறுநாள் வன்னியபெருமாள் அடக்கமாகக் கேட்டார்: "சலாபம்னா ஆயிரம் பேரு கூடுவான். ஒருத்தனையாச்சும் சுறா கடிக்கும். ஒருத்தனாச்சும் திருடுவான். மிச்சப் பேரு புகார் எழுதுவான். ஐயா கோடு எங்க போயி நிக்கும்?" படம் வரைகிறவர், கோட்டுக்கு மேலே இடம் விடாமல் காகிதத்தை வெட்டிவிட்டதாக வருத்தத்துடன் சொன்னார். வீட்டுக்குப் போனால், 'டாக்டர்' என்று போட்ட பெயர்ப்பலகை அச்சாபீஸ் தெருவிலிருந்து வந்து கூடத்தில் சாய்ந்திருந்தது. தங்கைக்கு ஞானபாக்கியம் கடிதமும் எழுதிவிட்டாள்.

தேவபிரசாதம் சென்னைக்குப் பொய் எழுதவில்லை. "சிப்பிகள் காணப்படுகின்றன. அவை போதிய முதிர்ச்சி அடைந்துள்ளனவா என்பது நிர்வாக ரீதியாகப் பரிசீலிக்கப்பட்டு வருகிறது" என்றுதான் எழுதினார்.

இஞ்ஞாசி வாரந்தோறும் வந்தார்.

"பரிசீலனைன்னா என்னய்யா?"

"பாக்குறது" என்றார் வன்னியபெருமாள்.

"நான் பாத்தேன். ஐயாவும் பாத்தாவளே."

"அது கண்ணால பாத்தது. இது காகிதத்துல பாக்குறது. நேரமாகும்."

பங்குனி போயிற்று. நடுவில் சுதந்திரம் வந்தது. அலுவலகத்துக் கொடிக்கம்பத்தில் கொடி மாறியது. மாதாந்தரக் கடிதத்தில் ஒரு வரி மாறவில்லை. அடுத்த பங்குனியும் போயிற்று. சித்திரையில் இருபது வருஷம் பூர்த்தியானது. கட்டுரை கப்பலேறியது. மூன்று மாதத்தில் தகரக் குழலில் சுருட்டிய பட்டம் வந்து சேர்ந்தது. ஊர்ப் பிரமுகர்கள் பந்தல் போட்டு வரவேற்பு நடத்தினார்கள். தேவபிரசாதம் அரை மணி நேரம் பிந்திப் போனார். டாக்டர் கிருபாநிதி முன்வரிசையில் காத்திருந்தார். ஞானபாக்கியத்துக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் தேவபிரசாதம் போட்ட முதல் உத்தரவு சலாபம் நடத்துவதற்குத்தான். அவரே வள்ளத்தில் ஏறினார். இஞ்ஞாசி முங்கினார். வெளியே வர அவருக்கு முன்னைவிட நேரம் குறைவாகவே ஆயிற்று. கையை விரித்தார். மணல்.

"இவ்வளவுதான் ஐயா" என்று அதை டாக்டரின் கையில் போட்டார்.

நாற்பது பேரும் சேர்ந்து அலுவலகத்தின் மேல் புகார் எழுதினார்கள். வன்னியபெருமாள் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வாங்குங்க. இனிமே வாங்கலாம்" என்றார் டாக்டர். இருபது வருஷத்தில் வந்த முதல் புகார்.

சென்னை விசாரணைக்கு உத்தரவிட்டது. நிர்வாகக் குறைபாட்டை நிர்வாக சாஸ்திரம் படித்த நிபுணர்தான் விசாரிக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ஜில்லா முழுவதும் தேடியதில் அப்படி ஒருவர்தான் இருந்தார். ஆகவே டாக்டர் தேவபிரசாதம் சூப்பரின்டெண்டு தேவபிரசாதத்தை மூன்று மாதம் விசாரித்தார். தாட்சண்யம் காட்டவில்லை. விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினார். பதில் திருப்தியில்லை என்று இரண்டாவது மெமோவும் அனுப்பினார். குற்றம் முழுக்கச் சூப்பரின்டெண்டினுடையது என்று முடிவு எழுதினார். இவ்வளவு பாரபட்சமில்லாத அறிக்கையைக் கண்டதில்லை என்று சென்னை பாராட்டியது. தண்டனையாகச் சூப்பரின்டெண்டைத் தூத்துக்குடியிலிருந்து நீக்கியது; நிபுணர் என்ற முறையில் அதே ஆளைச் சென்னையில் டைரக்டராக்கிக்கொண்டது.

ஊரைவிட்டுப் போகுமுன் ஒரு வேலை பாக்கியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன பரிகாரம் என்று கேட்டு எழுத வேண்டும். முதல் ஆளாக இஞ்ஞாசியைக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்க டாக்டருக்குத் தைரியம் வரவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உமக்கு என்ன வேணும் இஞ்ஞாசி? நியாயமா எது கேட்டாலும் எழுதுதேன்."

"இந்த ஆபீசுல ஒரு வேல போட்டுத் தாங்கய்யா."

டாக்டர் நிமிர்ந்தார். "இங்கயா?"

"சிப்பி வரும், போவும். அத நம்பி இருவது வருசம் ஓடிப் போச்சு. இந்த ஆபீசு அன்னைக்குப் பாத்த எடத்துலயே நிக்கி."

"இங்க உமக்கு என்ன வேலை தெரியும்?"

இஞ்ஞாசி சுற்றிலும் பார்த்தார். கிளார்க்குகளைப் பார்த்தார். பியூன்களைப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்யாம இருக்க இன்னும் வரலய்யா. பழகிக்கிடுவேன்."

வெளியே நின்ற முப்பத்தொன்பது பேரும் அதையே கேட்டார்கள். கேட்டபடியே உத்தரவாயிற்று. இப்போது அங்கே ஐம்பது பேர். முங்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் பத்து மணிக்கு உள்ளே வந்துவிடுவதால், கடலடியில் என்ன கிடக்கிறது என்று சொல்லிக் குழப்பம் செய்ய ஆளில்லை. கோடு திரும்பவும் பூஜ்யத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த அநியாயத்தைக் கண்டித்து அலுவலகத்துக்கு எழுதியே தீருவது என்று நானும் ஒருநாள் காகிதத்தோடு போனேன். ஊரில் பலர் எனக்கு முன்பே எழுதியிருந்தார்கள். வாங்கி முத்திரை குத்தியவர் இஞ்ஞாசிதான். "எல்லாரும் கண்டிச்சுத்தான் எழுதுதாவ. கடைசி வரிக்கு வந்ததும் ஒரு வேல கேட்டுருதாவ" என்றார்.

என் மனுவின் எண் நூற்றுப் பன்னிரண்டு. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.