இன்னும் ஒரு அரை அங்குலம்

"நீளமா இருக்கு," என்றார் வெண்டல்.

சமையலறைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். உள்ளே கம்பளிச் சட்டை, அதற்கு மேல் பஞ்சு வைத்த கோட்டு, அதற்கும் மேல் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேலங்கி. தோளில் ஒரு துப்பாக்கிக் கட்டை. குழலும் விசையும் இன்னும் பூட்டவில்லை, வெறும் வால்நட் மரம்தான். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தியது.

"நேத்து கச்சிதமா இருக்குன்னு குதிச்சியே?" என்றாள் அவர் மனைவி மார்லிஸ். ஜாம் கிண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்து பனியனோட பிடிச்சுப் பார்த்தேன். கோட்டு போட்டுப் பார்த்தியான்னு நீதானே கேட்டே?"

"சும்மா கேட்டேன்."

"நல்ல வேளை கேட்டே. எல்க் மான் வேட்டைக்கு எவனாவது பனியனோட போவானா? கோட்டு மேல வச்சா கட்டை கக்கத்துல மாட்டுது. பெரிய விஷயமில்ல, ஒரு அரை அங்குலம் அறுத்தா போதும்."

"அறுத்துடேன்," என்றாள் மார்லிஸ்.

வெண்டல் எங்கள் மாவட்டத்தில் சாலையை மட்டப்படுத்தும் வண்டி ஓட்டுகிறவர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இந்தப் பக்கம் மண் சாலைதான் அதிகம். அவர் வண்டி போன சாலையில் கோலிக்குண்டை வைத்தால் அசையாது. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பலகையை நேராக அறுக்க மட்டும் இன்றுவரை வந்ததில்லை.

அவருடைய கார் ஷெட்டில் ஒரு மேசை இருக்கிறது. ஆறடி நாலு அங்குல உயரத்துக்கு ஏற்றபடி, குனியாமல் வேலை செய்யத் தானே செய்துகொண்டது. ஒரு கால் ஆடியது, மற்ற மூன்றையும் அறுத்தார். அப்புறம் இன்னொரு கால் ஆடியது. கடைசியில் ஆட்டம் நின்றபோது மேசை அவர் தொடைக்கு வந்திருந்தது. இப்போது அதில் மார்லிஸ் தக்காளி நாற்று வைக்கிறாள்.

இந்த மனிதர்தான் போன வசந்தத்தில் தன் பழைய துப்பாக்கியை மைத்துனர் ரோலியிடம் விற்றுவிட்டு, ஊரே காப்பி குடிக்கும் கடையில் எழுந்து நின்று அறிவித்தார்.

"கடைத் துப்பாக்கிங்கிறது கடையில வாங்குற பல்செட் மாதிரி. எவன் வாய்க்கோ அளவெடுத்தது. இந்த வருஷம் என் கையால, என் உடம்புக்குன்னு ஒண்ணு செய்யப்போறேன். இனிமே வேற துப்பாக்கியைத் தொட மாட்டேன்."

"செஞ்சு முடிக்கலைன்னா என்ன மச்சான் பண்ணுவே?" என்று ரோலி கேட்டார்.

"முடிப்பேன்."

"முடிக்கலைன்னா? கூடாரத்துச் சட்டம் ஞாபகம் இருக்கில்ல?"

"அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்யா!"

உண்மைதான். பல வருஷங்களுக்கு முன்னால், வேட்டைக்காலம் திறக்கும் முதல் நாள் காலையில், மார்லிஸ் ஆசைப்பட்டு வெண்டலின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். அவளுக்கு ஐந்தடிதான் உயரம். கட்டை தோளில் உட்காராமல் நழுவ, மேலே இருந்த தொலைநோக்கி பின்னால் வந்து அவள் புருவத்தைக் கிழித்துவிட்டது. அந்தப் பிறைத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றுதான் வெண்டல் தீர்ப்புச் சொன்னார்: "துப்பாக்கி பொருந்தாதவங்க அடுப்பைப் பார்த்துக்கணும். மலையில இதான் சட்டம்."

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மார்லிஸ் முறைப்படி வேட்டை லைசென்ஸ் எடுப்பாள், மலையேறுவாள், கூடாரத்தில் ஆண்களுக்கெல்லாம் பான்கேக் சுட்டுப் போடுவாள். "எனக்கும் ஒண்ணு வாங்கலாமே?" என்று கேட்டால், "உன் அளவுக்கு எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடப் பசங்க துப்பாக்கிதான் இருக்கு," என்பார் வெண்டல். அவளுக்கு வருத்தம்தான். அதை எண்ணெயில் போட்டுப் பொரித்து எடுத்துவிடுவாள்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்கவே வெண்டலுக்கு ஜூலை மாதம் முழுக்கச் சரியாகப் போயிற்று. துப்பாக்கிக் கடை ஆர்டிஸ் அக்காவுடையது. வெண்டல் கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்.

"குழல் தடியா எடுக்கட்டுமா, ஒல்லியாவா அக்கா? தடின்னா குறி அசையாதுங்கறாங்க."

"நீயும் அசைய மாட்டே. மலையேறப்போறியா, பீரங்கி இழுக்கப்போறியா தம்பி?"

ஒல்லிக் குழல் முடிவானது. அதைக் கடைப் பட்டறையிலேயே பொருத்தித் தந்தார்கள், அதனால் அது ஒழுங்காக அமைந்தது. கட்டை விஷயத்தில்தான் ஆர்டிஸ் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. "பிளாஸ்டிக்ல ரெடிமேடா இருக்கு, நாலு திருகு போட்டா முடிஞ்சது" என்றாள். வெண்டல் முகத்தைச் சுளித்து, பாதி செதுக்கிய வால்நட் கட்டை ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார்.

பிறகு கருவிகள். கட்டையைப் பிடிக்க வைஸ், வைஸ் கடிக்காமலிருக்கத் தோல் பட்டை, திருகின் இறுக்கத்தை அளந்து சொல்லும் ஸ்க்ரூடிரைவர், அரத்தில் நாலு தினுசு, ரசமட்டத்தில் இரண்டு தினுசு. அந்த ஸ்க்ரூடிரைவர் வந்த வாரம் வீட்டில் ஒரு கதவுப் பிடியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ரம்பம் மட்டும் வாங்கவில்லை. கிறிஸ்துமஸ் மரம் வெட்டுகிற ரம்பமே போதும் என்றுவிட்டார்.

அந்த ரம்பத்தால்தான் முதல் அரை அங்குலம் போயிற்று.

"கோட்டோட இப்ப அம்சமா இருக்கு!" என்று ஷெட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். "பின்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கோ? என் கண்ணுதான் சரியில்லையோ என்னவோ."

ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு மூலைக்கு ஓடியது. சரி பண்ண இன்னும் ஒரு அரை அங்குலம். குமிழி மறு மூலைக்கு ஓடியது. அதையும் சரி பண்ணினார்.

அடுத்த வாரம், சுடும்போது வரும் உதையைத் தாங்கும் ரப்பரைப் பின்னால் பொருத்தியதும் மறுபடி நீளம் கூடிவிட்டது. அறுத்தார். வேலை முடிந்த மகிழ்ச்சியில் மார்லிஸிடம் காட்டினார்.

"ரப்பர் இவ்வளவு தடிமனாவா வேணும்? பார்க்கறதுக்கு பூட்ஸ் மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

பூட்ஸ் என்ற வார்த்தை அவர் மனதைப் புண்படுத்தியது. மெல்லிய ரப்பர் வாங்கி மாட்டினார். இப்போது கட்டை குட்டையாகிவிட்டது.

"ஒட்டுத் தகடு வச்சு நீளமாக்கிடலாம்," என்றார். தகடு வைக்க நீளத் திருகு வேண்டும், திருகுக்குத் துளை வேண்டும். துளை போடும்போது மரம் சடக்கென்று விரிசல் விட்டது. விரிசலோடு விட்டால் சுடும்போது பிளக்கும் என்று விரிசல் முடியும் இடம்வரை அறுத்தார். நீளம் கூட்டப் போன மனிதர், முன்னைவிடக் குட்டையான கட்டையோடு திரும்பி வந்தார்.

"மரத்துல ஈரம் இருக்கு. அதான் இப்படிப் பண்ணுது," என்றார்.

"இருக்கும்," என்றாள் மார்லிஸ்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, காயவைத்து, மறுபடி பூசி முடித்தபோது கட்டையின் ரேகைகள் தேன் வழிவதுபோல மின்னின. வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான பொருளை அவர் கை செய்து அவரே பார்த்ததில்லை. அளவு ஒன்றுதான் கொஞ்சம் இப்படி அப்படி.

அக்டோபரில் வேட்டைக்காலம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, எல்லாரும் குறி சரிபார்க்கத் துப்பாக்கி சுடும் திடலுக்குப் போனார்கள். ரோலி தன் மருமகனையும் கூட்டி வந்திருந்தார். அவன் தோளில் வெண்டலின் பழைய துப்பாக்கி.

வெண்டல் உறையைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்தார். ரோலி தொப்பியைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்.

"மச்சான், சத்தியமா சொல்றேன், அட்டகாசமா இருக்கு. கூடப் பொறந்த பெரிய துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டியா?"

"சுடும்போது பாரு."

சுடும் மேசை முன்னால் உட்கார்ந்து வெண்டல் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். நீண்ட கைகளை மடக்கி மடக்கி, அவை போக இடமில்லாமல், கழுத்தைச் சுருக்கி, மூக்கைக் கட்டைவிரலோடு ஒட்டிக் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தார். குருவிக்கூட்டுக்குள் நாரை உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சுட்டார். சத்தத்தோடு கூடவே, "ஐயோ!" என்றொரு சத்தமும் கேட்டது.

தூரத்தில் இருந்த குறி அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெண்டலின் வலது புருவத்தில் பிறை வடிவில் ரத்தம்.

மார்லிஸ் ஓடி வந்து கைக்குட்டையை வைத்து அழுத்தினாள். ஒரு நிமிஷம் அந்தக் காயத்தையே பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்ல." வலித்தது.

"எனக்கு அன்னைக்கு வலிச்சுது," என்றாள் மெதுவாக. பிறகு, "எங்க தப்புன்னு நான் பிடிச்சுப் பார்க்கட்டா?"

"பாரு. ஜாக்கிரதை, கோவக்காரத் துப்பாக்கி அது."

மார்லிஸ் உட்கார்ந்தாள். எங்கே போக வேண்டும் என்று முன்பே தெரிந்ததுபோல, கட்டை அவள் தோளில் போய் அமர்ந்துகொண்டது. கன்னம் மரத்தில் படிந்தது. மூச்சை விட்டாள், சுட்டாள். மறுபடி சுட்டாள். மறுபடியும்.

ரோலி பைனாகுலரை எடுத்து அட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மூணும் ஒரு ஜாம் மூடிக்குள்ள அடங்கும்," என்றார்.

ரோலியின் மருமகன், "அத்தை, முன்னாடியே நீங்க வந்திருக்கணும்," என்றான். மார்லிஸ் சிரித்தாள். இத்தனை வருஷம் கூடாரத்துக்குள் இந்தச் சிரிப்பை ஒருநாளும் பார்க்கவில்லை என்பது வெண்டலுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் வைராக்கியம் என்று ஒன்று இருக்கிறதே! இத்தனை மாதம் ஊரெல்லாம் பேசிவிட்டு, தோசைக்கரண்டியோடு மலையேற முடியுமா? நேரே வண்டியை ஆர்டிஸ் அக்கா கடைக்கு விட்டார்.

"அக்கா, அந்த பிளாஸ்டிக் கட்டை ஒண்ணு குடு. சீக்கிரம்."

ஆர்டிஸ் அவர் புருவத்து பிளாஸ்திரியைப் பார்த்தாள், கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மனசாரச் சொல்றேன் தம்பி, இந்த ஊர்ல இப்படி ஒரு மர வேலையை நான் பார்த்ததில்ல."

"என்ன பிரயோசனம்? எனக்குத்தான் பத்தலையே."

"கட்டை ஒண்ணுகூட இல்லப்பா. சீசன் திறக்கப்போகுது, எல்லாம் வித்துப்போச்சு."

வெண்டல் கவுண்ட்டரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கவுண்ட்டரும் அவருக்குக் குட்டையாகத்தான் இருந்தது.

ஆர்டிஸ் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "வந்தது வந்தே, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. ரொம்ப நாளா இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கு."

பிரித்துப் பார்த்தார். பெண்கள் அளவில், கடையிலேயே சின்னதான ஆரஞ்சு மேலங்கி ஒன்று. அதற்கு அடியில், மார்பு மறைக்கும் சமையல் ஏப்ரன் ஒன்று. தூக்கிப் பிடித்தார். அது அவருடைய முழங்காலைத் தாண்டித் தொங்கியது. வாழ்நாளில் அவருக்கு இவ்வளவு கச்சிதமாக எதுவும் அமைந்ததில்லை.

"யாரு அக்கா இதை வாங்கினது?"

"மார்லிஸ்தான், நீ அந்த மரக்கட்டையைத் தூக்கிட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே வந்தா," என்றாள் ஆர்டிஸ், "'வெண்டல் தன் அளவுக்குன்னு ஒண்ணு செய்ய ஆரம்பிச்சுட்டாரு, அக்டோபருக்குள்ள எனக்குப் பொருந்திடும்'னு சொல்லி எடுத்து வைக்கச் சொன்னா."