நியூயோர்க்கின் யாப்பை நான் விசாரித்த சனிக்கிழமை

மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவன் முதலில் தன்னை ஒருமுறை விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். (அந்த நாட்களில் எல்லாரும் நான் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பதே என் கொள்கை.)

அபி, நிலா, உங்களுக்கு இந்தக் கதை துண்டு துண்டாகத் தெரியும். அம்மா ஒரு விதமாகச் சொல்வா, வதனிச் சித்தி இன்னொரு விதமாகச் சொல்வா, நிமலன் சித்தப்பா சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரிப்பு வந்து முடிக்கவே மாட்டார். முழுவதையும் ஒழுங்காக எழுதி வைப்போம் என்று இருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவில், ரொம்மன் பக்கத்தில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். ஒஸ்லோவில் இரண்டு தமிழர் சந்தித்தால் முதல் கேள்வி ‘சுகமோ?’, இரண்டாவது கேள்வி ‘சமஷ்டி வருமோ?’ சமஷ்டி என்றால் நாடு ஒன்று, ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தன் காரியத்தைத் தானே பார்க்கும் அதிகாரம். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் ரயிலில், கோயிலில், வேலையிடத்தில் என்று கண்ட கண்ட இடத்திலெல்லாம் சமஷ்டிக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். அமெரிக்காவைப் பார், சுவிசைப் பார் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவேன். இரண்டு நாட்டையும் நான் பார்த்ததில்லை.

வதனி அம்மாவின் தங்கச்சி. எங்களோடு இருந்து பார்னஹாகேயில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்குப் போய் வந்தாள். அவளுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நிமலன், அல்பனி என்ற ஊரில் வேலை. இரண்டு பேரும் நாலு மாதம் ரெலிபோனில் கதைத்தார்கள். அவள் வாங்கிய ரெலிபோன் அட்டைகளின் லாபத்தில் எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒரு புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருப்பார். அவளுக்கு விருப்பம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து மாமா, அம்மாவின் அப்பா, ரெலிபோன் எடுத்துச் சொன்னார். “மருமகன், வெளிநாட்டு மாப்பிள்ளையளை நம்பேலாது. இஞ்சினியர் எண்டு சொல்லி வந்தவன் இஞ்சினையே கண்டிருக்க மாட்டான். நீங்கள்தான் அங்கை மூத்த ஆம்பிளை. வடிவா விசாரியுங்கோ. நீங்கள் ஓம் எண்டால்தான் ஓம்.”

அந்தக் கடைசி வசனம் என் தலைக்குள் ஏறிக் குடியிருந்துவிட்டது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நிமலனும் அவரின் தாயாரும் வந்தார்கள். ஹொல்ம்லியாவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். நான் கோட் போட்டு ரை கட்டியிருந்தேன், என் சொந்த வீட்டில். தாயார் உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டா:

“சின்னப் பிள்ளை ஒண்டு இருக்கெண்டு சொன்னவை, எங்கை?”

“வெளியிலை, வரண்டாவிலை நித்திரை.”

“வெளியிலையோ! பனிக்குள்ளையோ!”

நிலா, அந்தப் பிள்ளை நீதான். நான் பெருமையோடு விளக்கினேன்: இஞ்சை எல்லாரும் இப்படித்தான், வண்டிலுக்குள் கம்பளி போட்டு மூடினால் குளிர்காற்றில்தான் நல்ல நித்திரை, டொக்டரே சொல்லுவார். பிறகு மேசையில் இருந்த பேபிகோலைத் தூக்கிக் காட்டினேன். “இதின்ரை மற்றப் பாதி பிள்ளையின்ரை தலைமாட்டிலை இருக்கு. மூச்சு விட்டாலும் இஞ்சை கேக்கும். அப்பிடிச் சாமான்!”

தாயார் என்னையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தா. “ஊருக்கு ஊர் ஒரு முறை எண்டு பாத்தா...” என்று சொல்லிவிட்டு இருந்தா. நம்பிவிட்டா. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. நான் சொன்ன நம்ப முடியாத ஒரு விஷயத்தை அந்த மனுசி ஒரு நிமிடத்தில் நம்பினா.

சாப்பாட்டுக்கு முன்னம் நான் சமஷ்டியைப் பற்றி ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தேன். நிமலன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு விசாரணை தொடங்கியது.

“தம்பிக்கு என்ன வேலை?”

“மாநில யாப்புச் சட்டம், அண்ணை. நியூயோர்க் மாநிலத்தின்ரை யாப்பிலை ஆரும் கேள்வி கேட்டா, அதைத் தேடிப் பாத்து எழுதிக் குடுக்கிறது.”

நான் கதிரையில் நிமிர்ந்தேன். யாப்பு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மே பதினேழாம் திகதி கொடி பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டு போகிறீர்களே, அது நோர்வே யாப்பின் பிறந்தநாள். ஒரு நாட்டை எப்படி ஆளவேண்டும், ஆளுகிறவர் எதைச் செய்யக்கூடாது என்று எழுதி வைக்கும் பெரிய சட்டம். நான் பிறந்த நாட்டுக்கு அது ஒன்று. வந்த நாட்டுக்கும் ஒன்று. ஆகவே உலகத்தில் எந்த நாட்டுக்கும் ஒன்றுதான் என்பது என் முடிவு.

“அமெரிக்காவின்ரை யாப்பு எண்டு சொல்ல வாறியள்?”

“இல்லை அண்ணை, அது வேறை. அது வொஷிங்டனிலை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி யாப்பு இருக்கு. ஐம்பது மாநிலம், ஐம்பது யாப்பு.”

“ஐம்பதோ?” என்று புன்னகைத்தேன். திருடனைக் கண்டுவிட்ட பொலிஸ்காரனின் புன்னகை. “அப்ப உங்கடை நியூயோர்க் யாப்பிலை என்ன எழுதியிருக்கு?”

“பள்ளிக்கூடம், நீதிமன்றம், நகரசபை, காடு... பனிச்சறுக்குப் பாதை எத்தினை அடி அகலம் இருக்கலாம் எண்டும் இருக்கு.”

பனிச்சறுக்குப் பாதை! யாப்பிலே! இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சாட்சி கேட்பான்?

“சாந்தி, பிள்ளை அழுத மாதிரி இருக்கு. ஒருக்கா வாரும்,” என்று எழுந்தேன். (பேபிகோலில் ஒரு சிணுங்கல்கூடக் கேட்கவில்லை. அதை அந்த அறையில் கவனிக்காதவன் நான் ஒருவன்தான்.) அம்மாவை வரண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். உன் வண்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, இரகசியமாகச் சொன்னேன்.

“ஆள் கள்ளன்.”

“இஞ்சருங்கோ, என்ன கதைக்கிறியள்?”

“இல்லாத வேலையைச் சொல்லுறான். மாநிலத்துக்கு யாப்பாம்! அதுக்குள்ளை பனிச்சறுக்காம்! பச்சைப் பொய். ஆள் அங்கை ஏதோ பெற்றோல் செட்டிலை நிக்கிறான் போலை கிடக்கு.”

“அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தாப் பொய் சொல்லுற மாதிரியோ?”

“தாயும் கூட்டு. அவவின்ரை கழுத்துச் சங்கிலியை வடிவாப் பாத்தனீரோ? எனக்கெண்டால் அது பவுன் இல்லை. கவரிங்.”

அப்போது உள்ளேயிருந்து ஒரு சந்தோசமான குரல் வந்தது. அபி, உனக்கு ஆறு வயது.

“அப்பா பேபிகோலுக்குள்ளை கதைக்கிறார்!”

சத்தத்தைக் கூட்டியது நீதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. நீ இல்லையென்கிறாய். கூட்டாவிட்டாலும் கேட்டிருக்கும். அப்படிச் சாமான் என்று நானே சொல்லியிருந்தேன்.

கதவைத் திறந்து உள்ளே போனது எப்படியென்று எனக்கு ஞாபகமில்லை. தாயார் சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றா. வதனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். நிமலன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? இவ்வளவு நேரமும் சமஷ்டி, சமஷ்டி எண்டு சொன்னியள். மாநிலத்துக்கெண்டு ஒரு யாப்பு இல்லாட்டி அதிலை சமஷ்டி எங்கை இருக்கு?”

  அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக, சமஷ்டிக்கு விளக்கம் கொடுப்பதை விட்டுவிட்டு என் ரையைக் கழற்றினேன்.

“பிள்ளையைப் பனிக்குள்ளை படுக்க வைக்கிறம் எண்டியள். நாங்கள் நம்பினனாங்கள்,” என்றா தாயார். “எழும்பு தம்பி, போவம்.” வைத்த சாப்பாடு வைத்தபடி கிடந்தது.

அன்று பின்னேரம் வதனி அறைக்கு வெளியே வந்து என்னிடம் ஒரு வசனம் சொன்னாள். “அத்தான், அவர் பொய் சொல்லியிருந்தா நான் விட்டிடுவன். உண்மையெண்டா நீங்கள் என்ன செய்வியள்?” அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நிமலனும் தாயாரும் புதன்கிழமை திரும்பிப் போகவிருந்தார்கள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், வெட்கத்தோடு ஒரு ஆவலும் இருந்தது. ஐம்பது யாப்பு என்றால், ஒன்றோடொன்று சண்டை பிடிக்காதா? எது பெரிது? இரண்டு நாள் படுக்கையில் புரண்டு புரண்டு இதைத்தான் யோசித்தேன். (அம்மா நான் வருந்துகிறேன் என்று நினைத்திருந்தா.)

நூலகத்திலிருந்த நோர்வேப் பெண்ணிடம் என் உடைந்த நொர்ஸ்க் மொழியில் கேட்டேன்: நியூயோர்க் மாநிலத்துக்கு யாப்பு உண்டா, அதில் பனிச்சறுக்கு உண்டா? அவர் சிரித்துக்கொண்டே கணினியில் தேடினார். சிரிப்பு நின்றது. இருந்தது. மலையின் பெயர், பாதையின் நீளம், எத்தனை அடி அகலம், எல்லாம். ஏனென்றால், மாநிலத்துக்குச் சொந்தமான அந்தப் பெருங்காடு என்றைக்கும் காடாகவே இருக்கவேண்டும் என்று அந்த யாப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பனிச்சறுக்குக்காக மரம் வெட்டுவதென்றால் மாநிலத்து மக்களிடம் வாக்குக் கேட்டு யாப்பையே திருத்தவேண்டும்.

அந்தப் பெண் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். “இங்கே பார்! நாங்கள் காலில் சறுக்குக் கட்டையோடு பிறக்கிறோம். எங்கள் யாப்பில் ஒரு வரி இல்லை. நியூயோர்க்கில் இருக்கிறது!” இரண்டு பேருக்கும் பொறாமை. 

நேரே ஹொல்ம்லியா ரயில் ஏறினேன். மன்னிப்பு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனதில், ஒரு தரிப்பு முன்னாலேயே ஹவுகெட்டோவில் இறங்கிவிட்டேன். தவறுதலாக அல்ல, பயத்தில். அடுத்த ரயில் வரும்வரை குளிரில் நின்று, வேறு வழியில்லாமல் ஏறினேன்.

நிமலன்தான் கதவைத் திறந்தார். பாடமாக்கிய வசனம் பறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான்:

“தம்பி, ரெண்டு யாப்பும் சண்டை பிடிச்சா ஆர் வெல்லுறது?”

 “உள்ளுக்கு வாங்கோ அண்ணை, குளிருது,” என்றார்.

ஒரு மணித்தியாலம் நான் கேட்டேன், அவர் சொன்னார். நாட்டு யாப்புத்தான் மேலே. அது ஒரு ஆளுக்குக் கொடுத்த உரிமையை மாநில யாப்புக் குறைக்க ஏலாது. ஆனால் கூடக் கொடுக்கலாம். நிலம் வொஷிங்டன் போட்டது, அதற்கு மேலே மாநிலம் எத்தனை மாடியும் கட்டலாம், கீழே தோண்டக்கூடாது. நாட்டு யாப்பில் பள்ளிக்கூடம் என்ற சொல்லே இல்லையாம். பிள்ளைகளைப் படிப்பிக்கிற கடமை மாநில யாப்புகளில்தான் எழுதியிருக்கிறதாம். மாநில யாப்பு ஒன்றுக்கு என்ன கருத்து என்பதில் கடைசி வார்த்தை அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்குத்தானாம். ஒன்றிரண்டு மாநிலத்தின் யாப்பு நாட்டு யாப்பைவிட வயதில் மூத்ததாம்!

“தகப்பனுக்கு முதல் பிள்ளை பிறந்த மாதிரியோ?” என்றேன்.

“பிள்ளையள் கூடித்தானே அண்ணை தகப்பனைப் பெத்தவை,” என்றார்.

 இவ்வளவு காலம் சமஷ்டி என்ற பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், முதல் தடவையாக மூடியைத் திறந்து பார்க்கிறேன்.

தாயார் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. “தம்பி,” என்றா என்னைப் பார்த்து, “உங்கடை விசாரணை முடிஞ்சுதோ? இனி எங்கடை விசாரணை. நீங்கள் போக்குவரத்துத் துறையிலை எண்டு ரெலிபோனிலை சொன்னனீங்கள். அதிலை என்ன வேலை?”



“பஸ்... கழுவுறது அம்மா.”

 அந்த மனுசி சிரிக்கத் தொடங்கினா. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தா. “என்ரை பிள்ளை உள்ளதைச் சொல்லிக் கள்ளனானவன். நீங்கள் பஸ்ஸைக் கழுவிக்கொண்டு துறையையே நடத்தியிருக்கிறியள்!”

“பிழைதான் அம்மா. வதனிக்கு இதிலை ஒண்டும் தெரியாது. என்னாலை அவளின்ரை வாழ்க்கை...” 

“நான் கோவிச்சது உங்களோடை. அந்தப் பிள்ளையோடை இல்லை,” என்றா. “சாப்பிட்டிட்டுப் போங்கோ. அண்டைக்கு நீங்கள்தான் எங்களைச் சாப்பிட விடேல்லை.”

வீட்டுக்கு வந்து வதனியின் கதவைத் தட்டினேன். “பனிச்சறுக்கு உண்மைதான்,” என்று மட்டும் சொன்னேன். கதவு திறந்தது. மாமாவுக்கும் அவளே எடுத்துச் சொன்னாள். “அப்பா, அத்தான் ஓம் எண்டிட்டார். ஆனா நான் முந்தியே ஓம் எண்டிட்டன்.”

அந்தக் கலியாணத்தின் பலனை நான் இன்றைக்கும் அனுபவிக்கிறேன். உங்கள் அறையைத் துப்புரவாக்கச் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், “அப்பா, அது மாநில விஷயம்,” என்கிறீர்கள். சித்தப்பா சொல்லிக் கொடுத்தது. சரி, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டிலுக்குக் கீழே பழைய பாண் துண்டு கிடக்கக்கூடாது என்பது மத்திய யாப்பு. அதற்குக் கீழே தோண்ட ஏலாது.

மற்றது சங்கிலி. கலியாணத்தன்று, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நிமலனின் தாயார் தன் சங்கிலியைக் கழற்றிச் சபைக்கு முன்னால் என் கையில் வைத்தா. “தம்பி, விசாரிச்சுப் போட்டுத் தாங்கோ.” அதற்குப் பிறகு ஒஸ்லோவுக்கு வரும் ஒவ்வொரு தடவையும், விமான நிலையத்தில் பெட்டி வருவதற்கு முதலே, கழற்றி நீட்டுகிறா. நானும் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

இதுவரைக்கும் பவுன்தான்.