அமாவாசையன்று ஓடிய சாயத் தண்ணீர்

இருபது வயதில் கோபப்படுவதற்கு ஊர் முழுக்க ஆட்கள் கிடைப்பார்கள். நம் வீட்டு ஆட்களை மட்டும் அதில் சேர்க்க மாட்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருப்பதியில் பி.எஸ்ஸி. படித்தபோது, சுற்றுச்சூழல் என்று புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். முதல் வாரமே எனக்கு உலகத்தின் மேல் கோபம் வந்துவிட்டது. மலையடிவாரத்து அலிபிரியில் வாழைப்பழத் தோலை வீசியவரைத் துரத்திப் பிடித்து, தோலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். (வாங்கி மறுபடி அங்கேயே போட்டார்.) வகுப்பில் ஒருநாள் எழுந்து, "எங்கள் ஊர் நகரியில் சாயக்காரர்கள் குட்டையையே சிவப்பாக்கிவிட்டார்கள், மனசாட்சி இல்லாத ஜனங்கள்" என்று தெலுங்கில் முழங்கினேன். எங்கள் வீட்டுப் பின்கட்டே சாயப் பட்டறைதான், அதில் நூலுக்குச் சாயம் போடுவது என்னைப் பெற்ற நைனாதான் என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

விரிவுரையாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வகுப்போடு போய்ப் பார்த்துவிடுவோம்" என்றார்.

மாட்டிக்கொண்டேன். ஆனால் மூளை வேலை செய்தது. அமாவாசை நெசவுக்காரர்களுக்கு லீவு; அன்றைக்கு நகரியில் தறியும் ஓடாது, சாயத் தொட்டியும் கொதிக்காது. கால்வாய் காய்ந்து கிடக்கும். குட்டை மட்டும் சிவப்பாக நிற்கும். யார் வீட்டுத் தண்ணீர் என்று எவனாலும் சொல்ல முடியாது. "அமாவாசையன்று போகலாம் சார், தெருவில் நெரிசல் இருக்காது" என்றேன். சார் குட்டையைப் பார்க்க வருகிறார், யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன்.

அந்த நாளும் வந்தது. குட்டைக் கரையில் வகுப்பை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். அப்போது காய்ந்த கால்வாயில் தண்ணீர் வந்தது. நல்ல சிவப்பு. மேலே ஆவி வேறு.

என் அறைத் தோழன், சித்தூர் டேவிட், குனிந்து விரலை வைத்துப் பார்த்தான். "டேய் முனுசாமி, சுடுதுடா. எவனோ இப்பத்தான் ஊத்திக்கினு இருக்கான். வா, புடிக்கலாம்."

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லடா, முள்ளுதான்" என்றேன். யார் கேட்டார்கள்? மொத்த வகுப்பும் கால்வாயைப் பிடித்துக்கொண்டு ஓடியது. வழியில் இருந்த மற்ற பட்டறைகளின் வாய்க்கால்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன, பாவிகள். சிவப்புத் தண்ணீரின் தடம் நேராக எங்கள் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றது.

உள்ளே நைனா முழங்கை வரை சிவந்த கையோடு, சலவைச் சட்டையில் நின்றிருந்தார். "ரண்டி சார், ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றவர் என் பக்கம் திரும்பினார். "காலேஜ் சார் அவ்ளோ தூரத்துல இருந்து வர்றாரு, வெறுந்தொட்டியக் காட்டறதாடா? அதான் அமாவாசைன்னாலும் பரவால்லன்னு பத்த வச்சிட்டேன்."

அவர் ஆயுளில் அமாவாசையன்று அடுப்பு மூட்டியது அதுதான் முதல் தடவை. எனக்காக.

"இவரு உங்க நைனாவா?" என்றான் டேவிட். அதோடு விட்டானா? "அப்போ மனசாட்சி இல்லாத ஜனங்கன்னு கிளாஸ்ல சொன்னியே, அது யாரு?"

நைனா நூலைப் புரட்டிக்கொண்டிருந்த கோல் நின்றது. மோர் கொண்டுவந்த அம்மாவும் நின்றாள். செத்துப்போகலாம் போல இருந்தது. நைனா என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

அவர் விரிவுரையாளரிடம் திரும்பி, தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "பையன் சொல்றது வாஸ்தவம் சார். இது குட்டைக்குத்தான் போவுதுன்னு எனக்கும் தெரியும். எங்க விடணும்னு நீங்க சொல்லுங்க. நாளைக்கே அங்க விடறேன்."

விரிவுரையாளர் மோரை நிதானமாகக் குடித்து முடித்தார். "அது அடுத்த வருஷப் பாடம்" என்றார்.

அடுத்த வருஷம் வந்தது. பாடத்தில் மாசின் வகைகள் இருந்தன, விளைவுகள் இருந்தன. எங்கே விடுவது என்பது மட்டும் இல்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் இல்லாத பாடத்தைப் படித்துவிட்டுத்தான் நான் அவரை மனசாட்சி இல்லாதவர் என்றேன்.

வீட்டில் அது நிரந்தர வசனமாகிவிட்டது. கூரை எப்போது மாற்றுவது, எனக்கு எப்போது கல்யாணம், எதைக் கேட்டாலும் நைனா "அடுத்த வருஷப் பாடம்" என்பார், நாங்கள் சிரிப்போம்.

சில வருஷம் கழித்து எங்கள் கிணற்றுத் தண்ணீரே இளஞ்சிவப்பாக வந்தது. அதிகாரிகள் வந்து புட்டியில் பிடித்து மூடினார்கள். "இப்பவாவது எங்க விடணும்னு சொல்லுவீங்களா சார்?" என்று நைனா கேட்டார். ரிப்போர்ட் வரட்டும் என்றார்கள்.

"அடுத்த வருஷப் பாடம்" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். நைனா மட்டும் சிரிக்கவில்லை.