ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் மூன்று கற்களும்

பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். குறைந்தபட்சம் வாயையாவது துடைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்பது மூன்று வருடங்களுக்கு முன்பு, நாற்பத்தாறு வயதில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் தெரிந்தது.

அப்போது நான் ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவின் சூப்பர்வைசர். ஊசிமுனை ஓட்டையைக்கூட ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன் (இதை வேறு யாரும் சொன்னதில்லை, நானேதான் சொல்லிக்கொள்வேன்). அப்பேர்ப்பட்டவள், வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரைக்கும் இழுத்த வலியை ஆறு மாதமாக 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி மாத்திரை சப்பிக்கொண்டிருந்தேன். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் பாலில்லாத தேத்தண்ணி நிறத்தில் போனது. அதையும் வெயில் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் கூட வேலை பார்க்கும் நோராதான், "காக், மத்தா கூனிங் லா!" என்று மலாயில் அலறினாள். அக்கா, கண் மஞ்சளாக இருக்கிறதே என்றாள். ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள் பூசியது போல இருந்தன.

ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையிலிருந்து இறங்கிய கற்கள், பித்தம் குடலுக்குப் போகும் குழாயை அடைத்துக்கொண்டிருந்தன. டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகளைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும்.

"வயித்தக் கிழிக்க வேணாம், அக்கா. வாய் வழியா டியூப் விட்டு கல்ல எடுத்துடலாம். அப்படியே விட்டா கிருமி ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்து. ஒன்னே ஒன்னு, முதல் நாள் ராத்திரி பன்னெண்டுக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது."

"சரி டாக்டர்" என்று தலையாட்டியதோடு, பக்கத்தில் இருந்த கணவரிடம், "கேட்டுக்கிட்டீங்களா?" என்று அதட்டவும் செய்தேன். (அவருக்கா டியூப் விடப்போகிறார்கள்?)

என் கணவர் சேகர் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடும் வேலையில் இருக்கிறார். அதுவரைக்குமான இருபத்திரண்டு வருடத் திருமண வாழ்க்கையில் "சரி, புஷ்பா" என்று சொன்னதைத் தவிர, அவர் என்னிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

குறித்த நாள் காலை அசாம் ஜாவாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கிளம்பினோம். எனக்குப் பயம் வந்தால் பசி வரும். அன்றைக்கு வந்த பயத்துக்கு ஒரு கல்யாணப் பந்தியையே காலி செய்திருப்பேன். வழியில் ஈஜோக்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் அவர் எண்ணெய் போட நிறுத்தினார். நான் கழிவறைக்குப் போனேன். அதற்குப் பக்கத்தில் ஒரு மலாய் அம்மா சுடச்சுட நாசி லெமாக் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தார்.

டியூப் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குத்தானே போகப்போகிறது, வயிற்றில் என்ன இருந்தால் அதற்கு என்ன என்று என் மூளை வாதாடியது. கழிவறைச் சுவருக்குப் பின்னால் நின்றபடி மூன்றே நிமிடத்தில் முடித்தேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, முட்டை, சம்பல். பித்தத்துக்கு ஆகாதது என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் நாலு இடமும் அந்தப் பொட்டலத்துக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கியை மாட்டிவிட்டு, மலாய் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒருவர் படிவத்தோடு வந்தார். "புவான், அடா மாக்கான்?" சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"தாடா" என்றேன். இல்லவே இல்லை.

"அடா" என்றது ஒரு குரல். சாப்பிட்டாள் என்று அர்த்தம்.

திரும்பினேன். சேகர்! முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நாசி லெமாக். சத்து பூங்குஸ்." ஒரு பொட்டலம் என்று கணக்கு வேறு!

மிஸ்ஸியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"நீங்க பாத்தீங்களா?" என்று சீறினேன்.

"பாக்கல. கார்ல ஏறுனப்பவே நெத்திலி வாசம். சொல்லலாமா வேணாமான்னு வழியெல்லாம் யோசிச்சேன். ஒதட்டுல இன்னும் சம்பல் இருக்கு, புஷ்பா."

டாக்டர் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மயக்கத்துல படுத்திருக்கப்ப சாப்பாடு மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிருந்தா, கல்லுக்கு முன்னாடி அந்த நாசி லெமாக்கே உங்க கதைய முடிச்சிருக்கும், அக்கா. அண்ணனுக்கு நன்றி சொல்லுங்க."

மறுநாளைக்குத் தள்ளிவைத்து, வார்டில் சேர்த்து, என் தலைமாட்டில் 'புவாசா' என்று பட்டினிக்கான அட்டையை மாட்டினார்கள். அந்த வார்டில் அந்த அட்டை எனக்கு மட்டும் ஏன் என்பது மதியத்துக்குள் எல்லாக் கட்டிலுக்கும் தெரிந்துவிட்டது. சேகரைக் கிழிப்பதற்கு ஒரு நீண்ட உரை தயார் செய்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் என் கைப்பையை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்ததும் அந்த உரை ஒரு கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

"பயந்துட்டீங்களா?"

"உனக்கு என்னாச்சும் ஆயிடுமோன்னும் பயம். நீ என்னை என்ன செய்வியோன்னும் பயம்" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்தால் விலாவில் வலித்தது. அப்படியும் சிரித்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக, காலி வயிற்றோடு போனேன். குப்புறப் படுக்க வைத்து, வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கச் சொல்லி, ஊசி போட்டார்கள். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தொண்டையில் கரகரப்பு, அவ்வளவுதான். டாக்டர் படத்தைக் காட்டினார். மூன்று கற்கள்! ஒன்று கொண்டைக்கடலை அளவு. குழாயின் வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, பலூனால் இழுத்துக் குடலுக்குள் தள்ளியிருந்தார்கள்.

"கல்லு எங்க, டாக்டர்? ஃபேக்டரில காட்டணும்."

"தானா வெளிய போயிடும். தேடாதீங்க, அக்கா."

அரிப்பு அடங்கியது. இரண்டு வாரத்தில் கண் வெளுத்தது. அடுத்த மாதம் பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று, கோப்பையோடு வந்த வீராங்கனை போலத்தான் தொழிற்சாலைக்குள் நடந்தேன். கோப்பை நியாயமாக யாருக்குப் போயிருக்க வேண்டும் என்பதை நோராவிடம் மட்டும் சொன்னேன். (அவளிடம் சொன்னால் போதும், அறிவிப்புப் பலகை தேவையில்லை.)

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் வாக்குமூலம் தனியாகச் செல்லுபடி ஆவதில்லை. போன மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து, "சம்பந்தி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டார்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகச் சேகரை நோக்கித் திரும்பின. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

"அடா" என்றார் அவர். "ரெண்டு தரம்."