பச்சை ஸ்வெட்டரும் நீலக் கேட்டும்

இந்த ஜமால் முகம்மதுவை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பஜாரில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறேன். ஊர் பார்க்க வருகிறவர்கள் எப்படியெல்லாம் ஏமாறுவார்கள் என்று எனக்கு அத்துப்படி. "பாய், சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" என்று யார் கேட்டாலும் பெருமாள்மலையில் ஒரு மெஸ்ஸைக் கைகாட்டுவேன். அது என் தம்பி உஸாமாவின் மெஸ் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

சீசன் முடிந்ததும் வீட்டில் அறிவித்தேன்.

"கடற்கரையோரமா நாலு நாள் பயணம். நீயும் நானும் மட்டும். சொந்தக்காரங்க வீட்டு வாசப்படி ஒண்ணைக்கூட மிதிக்கக் கூடாது."

"உங்க இஷ்டங்க," என்றாள் என் மனைவி ரபியா.

சொந்தக்காரர்கள் என்று நான் சொன்னது ஒரே ஒருத்தரை. அவள் அண்ணன் அப்பாஸ். நாலு வருஷத்துக்கு முன் எங்கள் மகள் சமீஹாவின் கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் நடுவில் என்னைக் காட்டி, "மாப்ள மலைக்காரரு, மீன் திங்கத் தெரியாது, யாராவது முள்ளு எடுத்துக் குடுங்கப்பா" என்றார். பந்தியே சிரித்தது. அவர் வீட்டில் இனி கை நனைப்பதில்லை என்று அன்றே சபதம் போட்டேன். நான் நனைக்காததால் ரபியாவும் நனைக்கவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அண்ணன் ஊரு உடன்குடி. அந்தப் பக்கமே வண்டியத் திருப்பாதீங்க," என்று அவளே சொன்னாள். மனசு குளிர்ந்துவிட்டது. எங்கே டீ, எந்தக் கடையில் மக்ரூன், எங்கே நடை, எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

"சாப்பாட்டுக்கு என்னங்க செய்றது? போன்ல பாக்கவா?"

"போன்ல ஸ்டாரை எண்ணிப் போறவன் ஏமாளி. உள்ளூர்க்காரனைக் கேக்கணும். அதுவும் மூணு ஊர்ல மூணு பேரை. மூணு பேரும் ஒரே இடத்தைச் சொன்னா அதான் அசல்."

"எப்பேர்ப்பட்ட மூளைங்க உங்களுக்கு!"

வெள்ளனே கிளம்பினோம். குளிர். என் கடைச் சரக்கிலேயே உயர்ந்த பச்சை ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். நெஞ்சில் மஞ்சள் நூலில் 'கொடைக்கானல்' என்று பெரிதாக இருக்கும். வத்தலகுண்டிலேயே முதுகு நனைந்தது. கழற்றப் போனேன்.

"கழட்டாதீங்க. பத்து வயசு குறைஞ்சு தெரியுது. ஊர்ப்பேரை நெஞ்சுல போட்டுட்டுப் போறது எம்புட்டுக் கெத்து!"

கழற்றவில்லை. தூத்துக்குடி வெயிலிலும் கழற்றவில்லை. மக்ரூன் வாங்கிய கடையில் சாப்பாட்டுக்கு இடம் கேட்டேன். கடைக்காரர் என் நெஞ்சைப் பார்த்தார். "மணப்பாடு ரோட்டுல நீலக் கேட் போட்ட வீடு அண்ணாச்சி. வீட்டுச் சாப்பாடு."

திருச்செந்தூர் தாண்டித் தேரிக்காடு. சிவப்பு மணல் மேடு. பூம்பாறை ஏற்றத்தில் பூண்டு மூட்டையோடு ஏறின ஆள் நான், இதெல்லாம் ஒரு மேடா? ஓர் அடி ஏறினால் இரண்டு அடி இறங்கியது. ஸ்வெட்டருக்குள் பாதித் தேரி புகுந்துவிட்டது. ரபியா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உச்சியில் நின்று சிரித்தாள். அடிவாரத்தில் பதநீர் விற்றவர், "மணப்பாடு ரோட்டுல நீலக் கேட் இருக்குல்லா, அங்க போங்க" என்றார்.

மணப்பாட்டு மணல் குன்றில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் நான் வாயைத் திறக்கவே இல்லை. "நீலக் கேட்டு வந்த வழியிலயே இருக்கு," என்றார். கேட்கும் முன்பே சொல்கிறார் என்றால் எவ்வளவு பேர்போன இடம்!

"பாத்தியா? மூணுக்கு மூணு!" என்றேன்.

"உங்களை ஏமாத்த முடியுமாங்க?" என்றாள்.

நீலக் கேட் வீட்டில் யாரோ ஓர் அம்மா பரிமாறினார். சீலாமீன் குழம்பு, நெத்திலி வறுவல். மூன்று தடவை சோறு வாங்கினேன். முள்ளையெல்லாம் நானே எடுத்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"சமையல்னா இது! எங்க மச்சான் ஒருத்தரு இருக்காரு, கடற்கரையில குடியிருக்கிறதோட சரி. சமைச்சவங்களைக் கூப்பிடுங்கம்மா, கையெடுத்துக் கும்பிடணும்!"

அடுப்படித் திரை விலகியது. தோளில் துண்டோடு அப்பாஸ் வந்து நின்றார்.

"வாங்க மாப்ள. முள்ளு ஒண்ணும் சிக்கலையே?"

என் கை மணிக்கட்டு வரை குழம்பில் இருந்தது. சபதம் அதற்கும் கீழே எங்கேயோ கிடந்தது. ரபியா எழுந்து ஓடி அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலு வருஷமாக எனக்காக அடக்கிவைத்த அழுகை. எழுந்து போய்விடத்தான் நினைத்தேன், அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"அன்னைக்கு நான் பேசினது தப்புதான் மாப்ள," என்றார் அப்பாஸ்.

நான் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். பிறகு ரபியா பக்கம் திரும்பினேன்.

"உடன்குடின்னியே?"

"இங்க மாறி வந்து சாப்பாட்டுக் கடை போட்டு ஒரு வருஷமாச்சுங்க."

"அப்ப அந்த மூணு பேரு?"

"உங்க தாளை அண்ணனுக்கு அனுப்பிட்டேன். மூணு எடத்துலயும் சொல்லி வச்சுட்டாரு."

"ஆயிரம் பேரு வர்ற ரோட்டுல, வர்றது நான்தான்னு அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

ரபியா இன்னொரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"இனிமே அந்த ஸ்வெட்டரைக் கழட்டிக்கலாங்க."