ஒரு கோளாறும் இல்லாத கார்

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சென்னிமலை அரைமணி நேரமாகத் தேடினார். ஒரு கோளாறும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டிவிட்டது. மாலை ஆறு மணிக்கு ஜெர்மனியிலிருந்து மகன் கூப்பிடுவான். வண்டியில் ஒரு சின்னக் கோளாறுகூட இல்லாமல் அவனிடம் என்னத்தைப் பேசுவது?

சென்னிமலை பம்புசெட் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். பேச்சுதான் வராது. மகன் மிதுன் அந்த விஷயத்தில் அப்பனுக்கு மேல். அவன் வெளிநாடு போன மூன்று வருஷத்தில் இருவரும் பேசியதெல்லாம் இவ்வளவுதான்: சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே குளிரா, ஆமாங்ப்பா. அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. போன் மனைவி மாசாணியம்மாள் கைக்குப் போய்விடும். பிறகு சென்னிமலை பக்கத்து அறையில் உட்கார்ந்து, மகன் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அவளோ ஸ்பீக்கர் போடவே மாட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், பழைய எஸ்டீம் காரில் ஃபேன் பெல்ட் கீச்சிடுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். மிதுன் முப்பத்தைந்து நிமிஷம் பேசினான். அவன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய கார் அது. ஒவ்வொரு திருகாணியும் அவனுக்கு அத்துப்படி. அன்றைக்குச் சென்னிமலை இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டவர் சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே பெல்ட்டை மாற்றித் தொலைத்தார். அடுத்த ஞாயிறு மறுபடியும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்.

இன்றும் அப்படியே பதினெட்டு விநாடியில் பேச்சு முடிந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காந்திபுரத்தில் ஒரு கார் சாமான் கடைக்குப் போனார். சிவப்பாக, கூம்பு மாதிரி ஓர் ஏர் ஃபில்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இதை மாட்டினால் எஞ்சின் காற்றைத் தாராளமாக இழுக்கும், கிழட்டு வண்டியும் பிய்த்துக்கொண்டு போகும் என்றார் கடைக்காரர். சென்னிமலைக்குச் சிரிப்பு வந்தது. கிணற்றுக்குள் விடும் குழாயை மட்டும் பெரிதாக்கினால் மோட்டாருக்குக் குதிரைசக்தி கூடிவிடுமா? கூடாது என்று முப்பத்துநாலு வருஷம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். கூடாது, ஏதாவது கோளாறுதான் வரும் என்று தெரிந்ததால்தான் வாங்கினார்.

உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் நாசர், அந்தக் காருக்கு இருபது வருஷ மெக்கானிக். ஸ்டார்ட் செய்த சத்தத்திலேயே நோயைச் சொல்லிவிடுவார். ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, நல்லா ஓடற வண்டிக்கு இது எதுக்குங்ணா?"

மாட்டச் சொல்லிச் சென்னிமலை பிடிவாதம் பிடித்தார். மாட்டியதும் சத்தம் திருச்சி ரோடு முழுக்கக் கேட்டது. வண்டி மட்டும் யோசித்து யோசித்து நகர்ந்தது. முன்பு இருந்த பிக்கப்பும் போய்விட்டது. அவருக்கு மனம் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே ஃபில்டர் இழுக்கிறது, குளிர்ந்த காற்று வேண்டுமென்றால் முன் பம்பர் வரைக்கும் ஒரு குழாய் விட வேண்டும் என்று மிதுன் விளக்கினான். தெரிந்த விஷயத்தையே சென்னிமலை தெரியாதவர் போலக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நடுவில் ஒருமுறை மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவருக்கு எழுத்து கோணிப் போனது.

குழாய் போட்டாயிற்று. அடுத்த வாரம் சோமனூரில் மாசாணியம்மாளின் தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழா. போகிற வழியில் நல்ல மழை. பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் கார் இறங்கியது. குளிர்ந்த காற்றுக்காகக் காத்திருந்த குழாய் கிடைத்த தண்ணீரைக் குடித்தது. எஞ்சின் நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே இறங்கி வந்து தள்ளினார். மாசாணியம்மாள் பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கரையேறினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

அந்த ஞாயிறு ஒரு மணி பத்து நிமிஷம். தண்ணீர் ஃபில்டரையும் தாண்டி எஞ்சினுக்குள் போயிருந்தால் எஞ்சினே உடைந்திருக்கும் என்று மிதுன் பதறிவிட்டான்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களேப்பா?" என்றான்.

மூன்று வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவன் கேட்டதில்லை. இல்லை கண்ணு என்று சொல்லிவிட்டுச் சென்னிமலை கொஞ்ச நேரம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

குழாயை மேலே தூக்கிக் கட்டி, நனைந்த ஃபில்டரைக் காயவைத்து, அதற்கென்று இருக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட வேண்டும் என்பது மிதுன் சொன்ன அடுத்த வைத்தியம். நாசர் எண்ணெயைத் தாராளமாகவே விட்டார் போலிருக்கிறது. கார் தெருவுக்குள் நுழைந்தபோது நீலப் புகை எழும்பியது. கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று எதிர்வீட்டு அம்மாள் சன்னல்களைச் சாத்தினாள். இவ்வளவு கைதேர்ந்த மனிதர் இப்படிச் சொதப்புகிறாரே, பாவம், வயதாகிறது என்று சென்னிமலை நினைத்தார். கோபம் வரவில்லை. ஞாயிறு வருகிறதே.

ஞாயிறுக்கு முன்னால் மாசாணியம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, சனிக்கெழமைக்குள்ள பழைய ஃபில்டர் டப்பாவையே மாட்டி வண்டிய ஒழுங்கு பண்ணிப்போடுங்க. இல்லீன்னா வித்துப்போட்டு பஸ்ல போலாம்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. காரை விற்றால் பேச்சில்லை. காரைச் சரிசெய்தாலும் பேச்சில்லை.

சனிக்கிழமை நாசர் கூம்பைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஃபில்டர் டப்பாவை மாட்டினார். எஞ்சின் சத்தமே இல்லாமல், புகையே இல்லாமல், அவ்வளவு அழகாக ஓடியது. சென்னிமலைக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்குப் பதினெட்டு விநாடிதான்.

அவர் தன் வாழ்நாளில் யாரிடமும் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. இன்று கேட்டார்.

"பாய், தப்பா நெனைக்கக் கூடாது. ஊட்டுல தெரியாத மாதிரி, சின்னதா ஒரு கோளாறு உட்டு வெக்க முடியுங்களா?"

நாசர் நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று அவர் கேட்பதற்குள் சென்னிமலையே சொல்லிவிட்டார்.

"வண்டியில ஏதாச்சு இருந்தாத்தானுங்க பையன் எங்கிட்டப் பேசறான். எனக்கு வேற பேசத் தெரியாதுங்க."

நாசர் எஞ்சினை அணைத்தார். கைகளைப் பழந்துணியில் நெடுநேரம் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு எண்ணெய அதிகமா ஊத்தச் சொன்னதே மிதுன் தம்பிதானுங்ணா. வாராவாரம் போன் போட்டு, 'முழுசா மட்டும் சரி பண்ணிப்போடாதீங்க பாய், அப்பறம் எங்கப்பாகிட்டப் பேச எனக்கு ஒண்ணுமே இருக்காது'ங்குது."