தோட்டத்தில் நின்றது நான் அல்ல

சேசு மரி சூசை துணை

ராஜகீழ்ப்பாக்கம்,
12 ஜூலை 1995, புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய லாசரஸ் சார் அவர்கள் சமுகத்துக்கு,

ரயில்வேயில் குட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இவ்விடம் நானும், என் மனைவி ஞானசௌந்தரியும், தங்கள் மகனுக்குப் பேசியிருக்கும் எங்கள் ஒரே மகள் அருள்மேரியும் தேக சுகத்தோடு இருக்கிறோம். பம்மலில் தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளைத் தம்பியும் அவ்விதமே இருக்க வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளைத் தம்பி என்று எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. பேனா தானாக எழுதிவிட்டது. அடித்தால் அபசகுனம் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

நேற்று, நமக்குள் இந்தச் சம்பந்தத்தைப் பேசிவைத்த உபதேசியார் ஏசுபாதம் வந்து, நாற்காலியில்கூட உட்காராமல், வாசலில் நின்றபடியே பேசினார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? சாயங்காலம் வர்றதா இருந்த லாசரஸ் சார், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட, இந்தப் பக்கம் வந்தோமே, சம்பந்தி வீட்டை ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோம்னு ஆசையா வந்திருக்கார். நீங்க கார்டு டிரெஸ்ஸை மாட்டிக்கிட்டு தோட்டத்துல நின்னு, அவர் மூணு தரம் வணக்கம் சொல்லியும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியாம். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினீங்களாம். அதுல ஒரு பூனை வேற படுத்திருந்துச்சாம். பூனைக்குக் கிடைக்கிற மரியாதைகூட எனக்கு இல்லியான்னு கேக்கறார். இந்தச் சம்பந்தமே வேண்டாங்கறார்." இதைக் கேட்டு என் மனைவி அழுதாள். அருள்மேரி அழவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

சார், தோட்டத்தில் நின்றது நான் அல்ல. அது வைக்கோல். தாங்கள் என்னை நேரில் பார்த்தவரில்லை, உபதேசியார் காட்டிய போட்டோவில் யூனிஃபார்மோடு பார்த்ததுதான். ஆகவே தங்கள் மேல் தவறே இல்லை. கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் ஒருவன் தன் யூனிஃபார்மை ஏன் வைக்கோலுக்கு மாட்டினான் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அதற்குப் பூனையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகு வீட்டு முன்னால் கேரட் போட்டேன். இந்த வெயிலில் கேரட் வராது என்று தெருவே சொன்னது, அதனால்தான் போட்டேன். கேரட்டுக்கு மண் இளகி இருக்கவேண்டும் என்று ஞானசௌந்தரியின் மாவுச் சல்லடையை எடுத்து மண்ணைச் சலித்து, மெத்தை போலப் பாத்தி கட்டி, விதை தூவி, தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் பாத்தியில் ஒரு பள்ளம், பக்கத்தில் ஒரு மேடு, மேட்டுக்குள்ளே என்ன இருந்தது என்பதை ஒரு சம்பந்திக்கு எழுதுவது முறையல்ல. பக்கத்து வீட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றும் கன்னியம்மாவின் வெள்ளைப் பூனை செய்த வேலை அது. பெயர் தொரசானி. கண் நீலமாக இருப்பதால் அந்தப் பெயராம். நடையும் அப்படித்தான் இருக்கும், கலெக்டர் பங்களாவில் பிறந்ததுபோல. நான் வேலியோரம் போய் மரியாதையாகத்தான் கேட்டேன், பூனையைக் கொஞ்சம் கட்டிப்போடக் கூடாதா என்று. "இன்னா சார் பேசற? பூனையைக் கட்டிப்போட்ட ஊரு எங்கனா கீதா? இது உன் காம்பவுண்டு, அது என் காம்பவுண்டுன்னு அதுக்கு யாரு சொல்றது? நீ மண்ணை மாவாட்டம் சலிச்சு வெச்சுகினு, அது வந்து குந்திச்சுன்னு கூவினா நாயமா?" என்றாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுப் பால் நீர்த்துப் போனது. நான் அதைக் கேட்கவில்லை. மகள் கல்யாணம் முடியும்வரை யாரோடும் சண்டை வேண்டாம் என்று ஞானசௌந்தரி ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சண்டை போடாமல் பூனையை விரட்ட என்ன வழி என்று விசாரித்தேன். எங்கள் தெருவில் கேட்டுக்கு கேட் நீலத் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள், நாய் வராதாம். நாயை விரட்டுவது பூனையை விரட்டாதா என்று, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலக்கி, கிடைத்த பாட்டிலில் எல்லாம் ஊற்றி, பாத்தியைச் சுற்றியும் காம்பவுண்டுச் சுவர் நெடுகவும் அடுக்கிவிட்டேன். மற்றவர்கள் ஒன்றிரண்டு வைப்பார்கள். நான் சுவர் நிறைய வைத்துவிட்டேன், அதுதான் பிசகு. காலையில் கேட்டைத் திறந்தால் கேனும் தகரடப்பாவுமாக ஒரு வரிசை. ரேஷன் கெரசின் நீலமாகத்தானே வருகிறது, அது இங்கே பாட்டிலில் கிடைக்கிறது என்று ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் வரை பேச்சுப் பரவிவிட்டது. இது தண்ணீர் அம்மா, துணிக்குப் போடுகிற நீலம் அம்மா என்று கத்தினேன். யாரும் நம்பவில்லை. கடைசியில் ஒரு பாட்டிலைத் தரையில் ஊற்றி, தீக்குச்சி கிழித்துப் போட்டுக் காட்டினேன். அணைந்தது. "பாத்தியா, தண்ணி கலந்துகீறான்!" என்று முன்னால் நின்ற ஒரு அம்மா கூவினாள். கன்னியம்மா கொம்போடு வந்து வரிசையை ஒழுங்குபடுத்தினாள். இத்தனைக்கும் நடுவில் தொரசானி இரண்டு பாட்டில்களுக்கு இடையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்து மிளகாய்த்தூள். பாத்தி முழுக்கத் தூவினேன். ஆனி மாதக் காற்றைப்பற்றி யோசிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டு முறை, தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் ஜெபமாலைக்காகக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் துயர தேவ ரகசியம் ஆரம்பிக்கவும் காற்று திரும்பவும் சரியாக இருந்தது. அத்தனை பேரும் கண்ணீர் விட்டார்கள். தேம்பினார்கள். பங்குச் சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு உருக்கமான ஜெபத்தைத் தன் குருத்துவ வாழ்வில் கண்டதில்லை என்றும், இனி மாதாமாதம் எட்மண்ட் வீட்டிலேயே கூடுவோம் என்றும் அறிவித்துவிட்டுப் போனார். மறுநாள் பாத்தியில் புதுப் பள்ளம் இருந்தது.

அதற்கு அப்புறம்தான் பொம்மை. வைக்கோல் கன்னியம்மாவிடமே வாங்கினேன், எதற்கென்று சொல்லவில்லை. என் வெள்ளை யூனிஃபார்ம், தொப்பி, கழுத்தில் விசில், வலக்கையில் சிவப்புக் கொடி, இடக்கையில் பச்சைக் கொடி. தலைக்கு மண்பானை. அதில் அருள்மேரி என் முகத்தை மீசையோடு எழுதினாள். அவள் கை நேர்த்தியான கை சார், மருமகளாக வந்தால் தங்கள் வீட்டில் கோலமானாலும் கேக்கானாலும் பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்தத் தத்ரூபம்தான் இப்போது அவள் வாழ்க்கைக்கே வினையாக வந்து நிற்கிறது. முதல் நாளே சிவப்புக் கொடியைப் பார்த்து டவுன் பஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், ஸ்டாப்பிங் என்றே வைத்துக்கொண்டார்கள். நான் சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை மட்டும் விட்டுவைத்தேன். அப்புறம் ஜங்ஷனிலேயே பஸ் நிற்காமல் பறக்கிறது என்று அங்கே காத்திருந்தவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். இரண்டு கொடியையும் உருவிவிட்டேன். கை மட்டும் விரித்தபடி நின்றது. தாங்கள் பார்த்த கை அதுதான். "ஒன்றும் கிடையாது, போ" என்று விரித்த கை அல்ல, கொடி இழந்த கை.

இதைவிட வேடிக்கை, தெருவில் எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. முகங்கொடுக்காத மனுஷன் இப்போது தினமும் வெளியே நின்று சிரித்த முகமாகப் பார்க்கிறார் என்றார்கள். கன்னியம்மாவுக்குப் பொம்மை என்று தெரியும், இருந்தாலும் எருமைக்குக் காய்ச்சல், மருமகள் பேசுவதில்லை என்று எல்லாவற்றையும் அதனிடம்தான் சொன்னாள். "நீ நடுநடுவுல பூந்து ரூல் பேசுவ சார். அது கம்முனு கேட்டுக்குது" என்றாள். என் மனைவியே ஒருநாள், "காபி ஆறிப்போகுது, எத்தனை தரம் கூப்பிடறது?" என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்புறமிருந்து வந்து நின்றதும் அவள் முகம் விழுந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, சார். தொரசானியும் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாள் தள்ளி நின்று வேவு பார்த்தாள். பிறகு ஏறி, விரித்த கையில் படுத்து வெயில் காய்ந்தாள்.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்தது. நாங்கள் மூவரும் தங்களுக்காக ஆப்பிளும் கேக்கும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். தாங்கள் குடையால் கேட்டைத் தட்டியதும், தங்கள் துணைவியார், "பாவம், கழுத்துப் பிடிச்சிருக்கும்போல, திட்டாதீங்க" என்று பரிந்து பேசியதும், தாங்கள், "கழுத்தில்லைடி, கொழுப்பு" என்று சொன்னதும், மாப்பிள்ளைத் தம்பி எட்டிப் பார்த்து, "அப்பா, அவர் கண்ணைச் சிமிட்டறார்" என்றதும் எல்லாம் பிறர் சொல்லக் கேட்டதுதான். பானை கண் சிமிட்டாது. வெயிலில் பெயின்ட் இளகியிருக்கும். உபதேசியாருக்குப் பொம்மையைக் காட்டியும் விட்டேன். தலை இல்லையே என்றார். அது பிற்பாடு விழுந்து உடைந்தது என்று விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, ஒரு வைக்கோல் செய்த மரியாதைக் குறைவுக்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கோவில் திருவிழாவில் பார்த்தது முதல் தங்கள் மகனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவள் சொல்லவில்லை, ஆனால் பம்மல் பஸ் போனால் ஜன்னலுக்கு வருகிறாள். அடுத்த மாதம் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது இரண்டு பெயரும் சேர்ந்து ஒலிக்கவேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு ஆசை இல்லை. கேரட் ஆசைகூட விட்டுவிட்டது.

தேவமாதா தங்கள் இல்லத்தின் மேல் கண் வைத்துக் காப்பாளாக. தங்கள் துணைவியாருக்கு என் தனிப்பட்ட நன்றி. மாப்பிள்ளைத் தம்பிக்கு ஆசீர்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
எட்மண்ட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் அருள்மேரி வாங்கிப் படித்தாள். "அப்பா, மார்க்கெட்டுக்குப் போனது நானும் அம்மாவும்தான். நீங்க கால் வலிக்குதுன்னு வரல. பொய் சொல்லி எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்" என்று பேனாவைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்கிறாள். ஆகையால் மேலே எழுதியதில் பூனை, பாட்டில், மிளகாய், பொம்மை எல்லாம் நிஜம், ஞாயிற்றுக்கிழமைக் கதையை மட்டும் தயவுசெய்து தள்ளிவிடவும். தொரசானி தாவிப் பானை உடைந்தது சனிக்கிழமையே. அவளைக் கையும் களவுமாகப் பிடித்து, கோணியில் போட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் விட்டுவிட்டு வருவதென்று தீர்மானித்து, யூனிஃபார்மை நானே மாட்டிக்கொண்டு பொம்மை இடத்தில் நின்றேன். வந்தாள். ஏறினாள். என் முழங்கையில் தலை வைத்து, குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள். சார், என் சர்வீஸ் முழுக்க வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து போனவன் நான். என்னை நம்பி, என்மேல் யாரும் அப்படித் தூங்கியதில்லை. அப்போதுதான் தாங்கள் வணக்கம் சொன்னீர்கள். பதில் சொல்லியிருந்தால் எழுந்திருப்பாள். மூன்று தரமும் வாய் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளைத் தம்பி பார்த்தது சரி, நான் சிமிட்டத்தான் செய்தேன், உள்ளே வாருங்கள் என்று. கொழுப்பு என்று தாங்கள் சொன்னதும் சரி.

இன்று காலை என் கார்டு தொப்பிக்குள் தொரசானி குட்டி போட்டிருக்கிறாள். கன்னியம்மா பால் கொண்டுவந்தாள், தண்ணீர் கலக்கவில்லை. மனசு இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கேட்டைத் தட்டவேண்டாம், குட்டிகள் தூங்கும். தோட்டத்தில் யூனிஃபார்மோடு யாராவது நின்றால் பலமாகக் கிள்ளிப் பாருங்கள். கத்தினால் சம்பந்தி. கத்தாவிட்டாலும் சம்பந்திதான், கையில் குட்டி இருக்கும்.